எரித்தால் ஒழியுமா?

(வெள்ளறடையில் ஒரு வாசகசாலையின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ரப்பரைப் பற்றி வெள்ளறடைக்கு வந்து பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற காரியம் என்பதை நான் அறியாதவனல்லேன். விடியுமுன்னரே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் நுழைந்து, பட்டையைச் சீவி, சிரட்டையில் பால் சொட்டத் தொடங்கியதும் அடுத்த மரத்துக்கு நகர்கிறவர்களும், அந்தப் பாலை ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் கொடுத்து ஷீட்டாக்கிப் புகைப்புரையில் தொங்கவிடுகிறவர்களும், ஒட்டுப்பாலைச் சாக்கில் கட்டிக் கடைக்குச் சுமக்கிறவர்களும் நிறைந்த இந்தச் சபையில், அந்த மரத்தைக் குறித்து நான் கற்பிக்கத்தக்கது ஒன்றுமில்லை. ஆகையால், அந்தப் பால் இவ்வூரை விட்டுப் போன பிறகு அதற்கு நேருகின்ற கதியையும், ஆயுள் முடிந்த டயராகத் திரும்பி வந்து அது தீயில் விழும்போது நமக்கு நேருகின்ற கதியையும் பற்றியே இன்றைக்குப் பேச எண்ணுகிறேன்.

மரத்திலிருந்து வடிந்த ரப்பர் வெப்பத்தில் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்து வெடிக்கும். வண்டிச் சக்கரத்துக்கு அது உதவாது. அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இவ்விரு குறைகளும் நீங்கும் என்று 1839-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த பின்னரே ரப்பருக்கு உலக வியாபாரத்தில் பெரிய இடம் கிடைத்தது. இன்றைய டயரோ வெறும் ரப்பரும் கந்தகமும் மட்டும் அன்று. பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் செயற்கை ரப்பர், கறுப்பு நிறத்தையும் உறுதியையும் கொடுக்கும் கரித்தூள், துத்தநாக ஆக்சைடு, பலவகை எண்ணெய்கள், வெடிப்பு விழாமல் காக்கும் இரசாயனங்கள், நைலான் இழை, உருக்குக் கம்பி ஆகிய யாவும் பிரிக்க முடியாதபடி அதற்குள் ஒன்றாகிக் கிடக்கின்றன. வெயிலிலும் மழையிலும் கல்லிலும் முள்ளிலும் வருஷக்கணக்காக ஓடியும் அழியாதிருக்க வேண்டும் என்று மனித புத்தி தீர்க்கமாக ஆலோசித்துச் செய்த பதார்த்தம் அது. அழியக் கூடாது என்று செய்த பொருளை அழிக்கப் புகும்போதுதான் சங்கடம் ஆரம்பமாகிறது.

டயரை எரிக்கிறவர்கள் எல்லோரும் துஷ்டர்கள் என்று நான் சொல்லமாட்டேன். மார்கழி தை மாதங்களில் குளிர்காயச் சிலர் எரிக்கிறார்கள். கொசுவை ஓட்டச் சிலர் எரிக்கிறார்கள். தார் உருக்கவும், செங்கற்சூளைக்குத் தீ மூட்டவும், விறகைவிட மலிவு என்பதனால் சிலர் எரிக்கிறார்கள். ஹர்த்தால் நாளில் நடுரோட்டில் எரிக்கிறவர்களுடைய நோக்கம் புகைதான்; அவர்களை விட்டுவிடுவோம். இவர்கள் எல்லோரையும்விட விடாமுயற்சியோடு எரிக்கிறவர் ஒருவர் உண்டு, அவருக்கு வேண்டியது தீயும் அன்று, சூடும் அன்று, டயருக்குள்ளிருக்கும் கம்பி. ஐம்பது கிலோ அளவுள்ள ஒரு லாரி டயரில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வரையில் உருக்கு இருக்கும். அதைக் கத்தியால் அறுத்து எடுப்பது சாமானியமான வேலையன்று. தீயில் போட்டாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரப்பர் எல்லாம் போய்த் துருநிறமான கம்பிச் சுருள் மாத்திரம் மிஞ்சும். அதைச் சுருட்டிக் கட்டிப் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடையில் போட்டால் சில நூறு ரூபாய் கைக்கு வரும். அந்தச் சில நூறு ரூபாய்க்காக ஒரு கிராமத்தின் ஆகாயம் முழுவதும் செலவாகிவிடுகிறது என்பதைக் கணக்கில் எழுதுவார் ஒருவருமில்லை.

ஒரு டயர் எரிவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது எளிதில் தீப்பற்றாது, மண்ணெண்ணெய் ஊற்றிக் கந்தலை வைத்துப் பற்றவைக்க வேண்டும், முதலில் மஞ்சள் கலந்த வெண்புகை எழும், பிறகு விளிம்பு கொப்பளித்து, தீப்பிடித்த துளிகள் தார் போலச் சொட்டத் தொடங்கும், அதன்பின் வருகின்ற புகையின் கறுப்பு, விறகுப் புகையிலோ சருகுப் புகையிலோ நாம் காணாத கறுப்பு. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. திறந்த வெளியில் டயர் எரிகிறது என்று சொல்லுகிறோமேயன்றி, உண்மையில் அதன் பெரும்பகுதி எரிவதில்லை, வேகிறது. மேற்புறத்தில் மாத்திரம் காற்றுப் பட்டுத் தீ நிற்கிறது. உள்ளிருக்கும் ரப்பர், காற்றுப் போதாமல், அந்தச் சூட்டில் சிதைந்து வாயுவாகவும் எண்ணெயாகவும் கரியாகவும் பிரிந்து, பாதி எரிந்தும் பாதி எரியாமலும் வெளியேறுகிறது. சிமெண்டு ஆலையின் சூளையில் 1,400 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் மிகுந்த காற்றோடு டயரை இட்டால் ரப்பர் முற்றும் எரிந்துபோகிறது. கந்தகத்தைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்கிறது. இரும்பும் சிமெண்டிலேயே கலந்துவிடுகிறது. அதே டயர் நம் புறம்போக்கில் எரியும்போது கந்தக வாயுவையும், பென்சீன், பியூட்டாடையீன் முதலிய விஷ ஆவிகளையும், பென்சோபைரீன் போன்ற தார்ச்சத்துகளையும், நுண்ணிய கரித்தூளையும், துத்தநாகத்தையும் ஊருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. தொலைவில் ஒரு மூலையில் கிடந்து, தொட்டாலன்றி நம்மை ஒன்றும் செய்யாதிருந்த ஒரு கெட்டிப் பொருளை, யாரும் தொடாமலிருக்க முடியாத பொருளாக மாற்றி வினியோகிக்கிறோமே, அதற்கு ஒழித்தல் என்று பெயர் சொல்லுகிறோம். நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவே. மற்றவையெல்லாம் அதன் விரிவு.

இந்தக் கரித்தூளின் சரித்திரம் பழையது. லண்டன் நகரத்தில் புகைபோக்கிகளுக்குள் இறங்கிச் சுத்தம் செய்யச் சிறுபிள்ளைகளை ஏவிய காலம் ஒன்று இருந்தது. அவர்களில் பலர் பெரியவர்களான பின் அவர்களுடைய தோலில் ஒருவகைப் புற்றுநோய் உண்டாவதைக் கண்டு, அதற்கு ஒட்டடைக் கரியே காரணம் என்று 1775-இல் எழுதினார் பெர்சிவல் பாட் என்ற ரண வைத்தியர். ஒரு நோய்க்கும் ஒரு தொழிலுக்கும் உள்ள தொடர்பை அவ்வளவு தெளிவாகக் காட்டியவர் அவருக்கு முன் அரியர். 1915-இல் ஜப்பானில் யாமகிவா, இசிகாவா என்னும் இருவர், முயலின் காதில் நிலக்கரித் தாரைத் திரும்பத் திரும்பத் தடவிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினார்கள். அந்தத் தாருக்குள்ளிருந்த குற்றவாளிகளில் ஒன்று பென்சோபைரீன் என்று 1933-இல் பிரித்தெடுத்துச் சொன்னவர்கள் ஆங்கில விஞ்ஞானிகள். டயர்ப் புகையில் நிறைந்திருப்பது அதே வஸ்து.

அது சரீரத்துக்குள் செய்கின்ற வேலை ஆச்சரியமானது. நுண்ணிய கரித்துகளே அதற்கு வாகனம். மூக்கின் ரோமத்திலும் தொண்டைச் சளியிலும் பெருந்தூசி தங்கிவிடும். தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைந்த துகளோ எங்கும் தங்காமல் நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரையில் போய் உட்காரும். உட்கார்ந்த துகளிலிருந்து பென்சோபைரீன் கசிந்து திசுக்களுக்குள் புகுகிறது. அந்நியப் பொருள் வந்துவிட்டதென்று கண்டு, அதை நீரில் கரையும்படி மாற்றி மூத்திரத்தோடு வெளியேற்றத் தேகம் பிரயத்தனம் செய்கிறது. அந்தப் பிரயத்தனத்தின் இடைநிலையில் உண்டாகின்ற ஒரு கூட்டுப்பொருள்தான் உயிரணுவின் மரபுச் சரட்டில் போய் ஒட்டிக்கொண்டு அதைக் குலைத்துவிடுகிறது. நம்மைக் காப்பாற்ற வந்த காரியமே அபாயத்தை உண்டுபண்ணுகிறது என்றால், அந்தப் பொருளின் வஞ்சகத்துக்கு வேறு சாட்சியம் வேண்டுவதில்லை. நம் நாட்டுக் காற்றுத் தர விதிகள், 2009-இல் திருத்தப்பட்டபோது, ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 1 நானோகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்று வரையறுத்தன. ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு நானோகிராம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1997-இல் வெளியிட்ட அறிக்கை, முறையான கொதிகலனில் எண்ணெயோ நிலக்கரியோ விறகோ எரிவதால் வரும் புகையைக் காட்டிலும், வெளியில் எரிகின்ற டயரின் புகைக்கு மரபுச் சரட்டைக் குலைக்கும் ஆற்றல் ஆயிரம் மடங்கு முதல் பதினாயிரம் மடங்கு வரை மிகுதி என்று கூறுகிறது.

இன்ன மனிதருக்கு வந்த புற்றுநோய் இன்ன டயரால் வந்தது என்று சுட்டிக்காட்ட எந்த வைத்தியராலும் இயலாது. அப்படிச் சொல்லுகிறவரை நம்பாதீர்கள். ஆனால் புற்றுநோய் வரப் பல ஆண்டு செல்லும்; மூச்சிரைப்பு வருவதற்கோ ஐந்து நிமிஷம் போதும். கந்தக வாயு ஈரத்தில் கரைந்து அமிலமாகும் இயல்புடையது. நம் சுவாசக் குழாயின் உட்சுவரோ எப்பொழுதும் ஈரமானது. 1952 டிசம்பரில் லண்டனில் காற்று அசையாமல் நின்ற ஐந்து நாட்களில் கரித்தூளும் கந்தக வாயுவும் மூடுபனியோடு சேர்ந்து நாலாயிரம் பேர் அளவில் உயிர் குடித்த செய்தியைப் படித்திருப்பீர்கள். டயர்ப் புகையிலும் பிரதானமாக நிற்பவை அவ்விரண்டே. ஆஸ்துமாக்காரர், இருதய நோயாளி, கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இது முதற்பகை. உடம்பின் எடைக்குத் தக்கபடி பார்த்தால், எல்லோரினும் அதிகமாக உட்கொள்ளுகிறவை கைக்குழந்தைகள். நாம் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் பச்சைக் குழந்தை இரண்டு மூச்சுக்கு மேல் விடுகிறது.

மூச்சின் அருமையைப் பற்றிப் பேசும்போது நமக்கு அண்டையிலே வாழ்ந்த ஒருவரை நினையாதிருக்க முடியவில்லை. காரக்கோணத்து மருத்துவக் கல்லூரி எவருடைய பெயரால் விளங்குகிறதோ அந்த டாக்டர் சோமர்வெல், 1922-இல் எவரெஸ்ட் ஏற வந்தவர்; திரும்புகிற வழியில் நெய்யூர் ஆஸ்பத்திரியைக் கண்டு, லண்டனில் காத்திருந்த பதவியை விட்டுவிட்டுத் தென் திருவிதாங்கூரில் கத்தி பிடித்தவர். 1924-இல் மறுபடியும் எவரெஸ்டில், ஏறத்தாழ 28,000 அடி உயரம் வரையில் ஏறி இறங்கும்போது, குளிரால் வெந்துபோன தொண்டையின் உட்தோல் கழன்று மூச்சுக்குழாயை அடைத்துக்கொண்டது. பனியில் உட்கார்ந்து மரணத்தை எதிர்பார்த்தவர், கடைசியாக இரு கைகளாலும் மார்பை அழுத்தி இருமி, அந்த அடைப்பை வெளியே தள்ளிப் பிழைத்தார். பிழைத்து வந்து நெய்யூரில் பல்லாண்டு எண்ணிறந்த நோயாளிகளைக் காத்தார். அந்த உயரத்தில் காற்று மிகக் குறைவு; குறைந்தாலும் அது சுத்தமாகவாவது இருந்தது. குரிசுமலை அடிவாரத்தில் வாழ்கின்ற நமக்குக் காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மலைசூழ்ந்த பள்ளங்களில் பனிக்காலத்து விடியற்காற்று அசையாது. கீழே குளிர்ந்த காற்றும் மேலே வெதுவெதுப்பான காற்றும் நின்றுவிட்டால், மாலையில் மூட்டிய புகை மறுநாள் வெயில் ஏறும் வரையில் ரப்பர்த் தோட்டத்துக்குள்ளேயே படுத்திருக்கும். பால் வெட்டுக்கு விடியுமுன் போகிறவர் அதைத்தான் சுவாசிக்கிறார்.

புகை போய்விட்டால் காரியம் முடிந்ததென்று எண்ணலாகாது. டயரோடு பிளாஸ்டிக் பையும் ஒயரின் உறையும் சேர்த்து எரிக்கிற வழக்கம் எங்கும் உண்டு. அவற்றிலுள்ள குளோரின் சேரும்போது டையாக்சின் என்கிற கொடிய விஷம் உண்டாகிறது. அதை நாம் மூக்கினால் பெறுவது சிறிது; புல்லில் படிந்து, பசுவின் வயிற்றில் சேர்ந்து, பாலின் கொழுப்பின் வழியாகவும், மீன், முட்டை ஆகியவற்றின் வழியாகவும் பெறுவதே பெரும்பகுதி. உடம்பில் ஏறிய டையாக்சினில் பாதி வெளியேறவே ஏழு முதல் பதினோரு ஆண்டு ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சொட்டுகின்ற எண்ணெயோ மண்ணுக்குள் இறங்குகிறது. வீட்டுக்கு ஒரு கிணறு என்று வாழ்கிற தேசம் இது; கிணற்றுக்கு மேட்டுப் பக்கத்தில் எரித்த டயரின் எண்ணெய் மழைக்காலத்தில் எங்கே போகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பெருந்தீக்களைப் பற்றிச் சில வார்த்தை. அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்து வின்செஸ்டர் ஊரருகே 1983 அக்டோபரில் எழுபது இலட்சம் டயர்கள் அடங்கிய குவியல் பற்றிக்கொண்டு மாதக்கணக்கில் எரிந்தது. கனடாவில் ஹேகர்ஸ்வில் என்ற இடத்தில் 1990 பிப்ரவரியில் மூண்ட தீ 17 நாள் அடங்கவில்லை. அக்கம்பக்கத்துக் குடும்பங்களை வீடுகளிலிருந்து அப்புறப்படுத்த நேர்ந்தது. வேல்ஸ் நாட்டில் ஹேயோப் பள்ளத்தாக்கின் டயர்க் குவியலில் 1989-இல் புகுந்த தீ பதினைந்து ஆண்டு கழித்தும் உள்ளே கனன்றுகொண்டிருந்தது. டயரின் வளைந்த வயிற்றுக்குள் காற்றுத் தங்குகிறது, நீர் புகுவதில்லை. எடைக்கு எடை பார்த்தால் அதன் எரிசக்தி நல்ல நிலக்கரிக்கும் மேல். ஆகையால் அணைப்பது கடினம். நமக்குச் சமீபத்தில், கொச்சி பிரம்மபுரத்தில் 2023 மார்ச் 2-ஆம் தேதி பிளாஸ்டிக் குப்பைமலை தீப்பிடித்து ஒரு மாநகரமே ஏறக்குறைய இரண்டு வாரம் கதவைச் சாத்திக்கொண்டிருந்ததையும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்ததையும் மறந்திருக்கமாட்டீர்கள். 2018 போகியன்று சென்னையில் பனியும் புகையும் சேர்ந்து விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. இவை பத்திரிகைகளில் வருகின்றன. பத்துப் பன்னிரண்டு டயரை வாரந்தோறும் எரிக்கிற ஒரு புறம்போக்கு எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை. ஆனால் அதன் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஹேகர்ஸ்வில்லைவிட அதுவே பெரிய தீ.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? 1981-இன் காற்று மாசுத் தடுப்புச் சட்டம், எரிபொருளல்லாத எதையும் எரிக்கக் கூடாதென்று தடுக்க மாநில சர்க்காருக்கு அதிகாரம் அளிக்கிறது. வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் விதித்தது. தயாரித்து விற்கிற கம்பெனிகளே பழைய டயர்களுக்கு உத்தரவாதமாக வேண்டும் என்ற மத்திய விதி 2022 ஜூலையில் வந்தது. 2022-23-இல் தயாரித்த டயர்களுக்கு ஈடாக 2024-25-இல் நூற்றுக்கு நூறு மறுசுழற்சிக் கடமை அவர்களுக்கு விதிக்கப்பட்டது. எண்ணெய் வடிப்பதற்காக வெளிநாட்டுக் கழிவு டயரை இறக்குமதி செய்வதையும் அது தடுத்தது. ஏட்டில் எல்லாம் அழகாகவே இருக்கிறது. நம்முடைய விசேஷ சங்கடம் வேறு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தமிழகப் பக்கமும் நெய்யாற்றின்கரை கேரளப் பக்கமுமாகப் பிரிந்தது முதல், பனச்சமூட்டிலும் களியக்காவிளையிலும் கடை ஒரு மாநிலத்திலும் வீடு ஒரு மாநிலத்திலுமாக வாழ்கிறோம். இங்கே பிடித்தால் அங்கே கொண்டுபோய் எரிக்கலாம். அங்கே தடுத்தால் இங்கே வரலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் இரண்டு, போலீசு இரண்டு, பஞ்சாயத்துச் சட்டம் இரண்டு. எல்லையின் இரு புறத்துப் பஞ்சாயத்துக்களும் ஒரே நாளில் கூடி, பஞ்சர் கடைகளிலும் ஆக்கர் கடைகளிலும் மாதந்தோறும் சேருகின்ற டயருக்கு ஒரே பதிவேடு வைத்தாலொழிய, இந்தப் புகைக்கு விலாசம் கண்டுபிடிக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

கூட்டத்துக்கு முன் ஓர் இளைஞர் என்னிடம் நியாயமான ஆட்சேபம் ஒன்று சொன்னார்: எரிக்காமல் வைத்தால் டயரில் மழைநீர் நின்று டெங்குக் கொசு பெருகாதா? பெருகும். ரப்பர்ச் சிரட்டையில் தேங்கும் நீரில் அந்தக் கொசு எப்படிப் பெருகுகிறதென்பது இவ்வூர் ஆஷா ஊழியர்கள் அனைவருக்கும் தெரியும். மழைக்குச் சிரட்டையைக் கவிழ்த்து வைக்கிறோமேயன்றிக் கொளுத்துவதில்லை. டயரையும் கூரைக்குக் கீழே வைக்கலாம். அல்லது அடியில் இரண்டு துளை போட்டுவிடலாம். நல்ல டயருக்கு ரீட்ரெட் உண்டு. பழைய தலைமுறை டயர்ச் செருப்புப் போட்டு நடந்தது. தேங்காய்ப்பட்டணத்துத் துறையில் படகு மோதாமலிருக்க இன்றும் டயர் தொங்குகிறது. பொடியாக்கித் தாரோடு கலந்து ரோடு போடுகிறார்கள். ஏராளமாகச் சேர்வதைச் சிமெண்டு ஆலைக்கு அனுப்பலாம். இவற்றில் ஒன்றாவது நம் பஞ்சர் கடைக்காரருடைய வாசலுக்கு வண்டியோடு வந்து டயரைக் கேட்டு வாங்கும் நாள் வரையில், அவரிடம் மாத்திரம் கோபித்துக்கொள்வது நீதியாகாது.

தலைவரிடம் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்வி ஒன்று மிஞ்சியிருக்கிறது: ஏற்கெனவே எரித்துக் கிடக்கிற இடத்தை என்ன செய்வது, அந்தச் சாம்பலை வாழைக்குப் போடலாமா என்று ஒரு தாயார் கேட்கிறார். வாழைக்கும் மரச்சீனிக்கும் கீரைக்கும் போடக் கூடாது, அம்மா. விறகுச் சாம்பல் போன்றதன்று அது. துத்தநாகமும் எரியாத தாரும் அதில் மிகுதி. நீர் தெளித்துத் தூசி கிளம்பாமல், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, எண்ணெய் படிந்த மேல்மண்ணோடு சேர்த்து மண்வெட்டியால் வாரிச் சாக்கில் கட்டி, கிணற்றிலிருந்து தள்ளி மழை படாத இடத்தில் வைத்துப் பஞ்சாயத்துக்குத் தெரிவியுங்கள். சிறு டயர் ஒன்று இப்பொழுதே எரிந்துகொண்டிருந்தால், காற்று வருகிற பக்கம் நின்று மண் போட்டு மூடுங்கள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய்தான் பரவும். கிணற்று நீரில் எண்ணெய்ப் படலமோ வாசனையோ தெரிந்தால் அதைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காமல் பரிசோதனைக்குக் கொடுங்கள். காய்ச்சிக் குடித்தால் போதாதா என்றும் சீட்டில் எழுதியிருக்கிறீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், எண்ணெய் போகாது.